முதல் நைட்ரோ பகி வாங்கும் முன்: குளச்சல் பக்கத்துக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் மாமாவிடம் பிள்ளைகள் கேட்கும் சாமான்களில் ரிமோட் கார் எப்போதும் உண்டு. கல்லூரிக்குப் போகும் வயதில் அந்த ஆசை ஒரு படி ஏறி, பேட்டரி காரிலிருந்து எஞ்சின் காருக்கு வந்து நிற்கும். நைட்ரோ பகி என்பது அந்த எஞ்சின் கார்தான். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், நீலப் புகை, தெருக்கோடி வரை கேட்கும் சத்தம், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும் வேகம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றை வாங்கிவிடலாம். ஆனால் அட்டைப்பெட்டியின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவரின் வண்டி இரண்டாம் மாதமே பரணுக்குப் போய்விடும். எரிபொருள், மணல், உப்பு ஆகிய மூன்றையும் முதலில் யோசித்துவிட்டு வண்டிக்கு வருவதுதான் நம் கடற்கரைக்குச் சரி.

1. முதலில் எரிபொருளைத் தேடுங்கள், பிறகு வண்டியை. இந்த எஞ்சினில் பெட்ரோல் ஓடாது. மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த தனி எரிபொருள் வேண்டும். நைட்ரோமெத்தேன் 16 முதல் 20 சதவீதம் இருக்கும் டின் புதியவருக்குப் போதும். 25, 30 என்று ஏறினால் விலையும் ஏறும், எஞ்சினைச் சரிசெய்வதும் கடினமாகும். உங்களுக்கு எரிபொருள் தரக்கூடிய கடை எது, எந்த வழியில் அனுப்புவார்கள், டின் எத்தனை லிட்டர் என்பதை வண்டிக்குப் பணம் கட்டும் முன் பேசி முடியுங்கள். கூரியர்காரர்கள் பலர் தீப்பற்றும் திரவத்தை எடுக்கமாட்டார்கள். நேரில் போய் வாங்க வேண்டியிருந்தால் அந்தப் பயணச் செலவும் எரிபொருள் விலையில் சேரும்.

2. வீட்டில் கலக்கும் யோசனையே வேண்டாம். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். அதற்குப் பிறகு யாரும் மெத்தனாலைச் சில்லறையாக வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு அலைவது நல்லதல்ல. கலந்து முத்திரையிட்ட டின்னை, பில்லுடன், முறையாக விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்; வாங்கி வைத்திருக்க என்ன விதி என்பதையும் அந்தக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினுக்கு எண்ணெய் கலந்து ஊற்றிப் பழகிய கை, இதிலும் கொஞ்சம் டூ-டி ஆயில் விடலாமே என்று நினைக்கும். விடக்கூடாது. அந்த எண்ணெய் மெத்தனாலில் கரையாது. இதற்கு வேண்டிய ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ டின்னிலேயே கலந்திருக்கிறது.

3. எரிபொருள் கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்தால், பிரஷ்லெஸ் மோட்டார் வைத்த மின்சார பகி வாங்குங்கள். வேகத்தில் அது குறைந்ததல்ல. பெட்ரோல் பங்க்கில் வாங்கும் பெட்ரோலில் ஓடும் பகிகளும் உண்டு. அவை 1/5 அளவு, அதாவது உண்மை வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. விலையும் இடமும் முதல் வண்டிக்கு ஒத்துவராது.

4. கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டியில் போடாதீர்கள். மூன்று பங்காகப் பிரித்து இரண்டு பங்கை வண்டிக்கும், ஒரு பங்கை மற்றதற்கும் வையுங்கள். அந்த மற்றது பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்காது: எரிபொருள், மூன்று நான்கு க்ளோ பிளக், அந்தப் பிளக்கைச் சூடேற்றும் இக்னைட்டர், எரிபொருள் ஊற்றும் மூக்குப் பாட்டில், 1.5, 2, 2.5, 3 மி.மீ. ஆலன் கீ, ஏர் ஃபில்டர் எண்ணெய், ஓட்டி முடித்தபின் எஞ்சினில் விடும் எண்ணெய், ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் பேட்டரி.

5. அளவை ஓட்டும் இடம் தீர்மானிக்கட்டும். 1/10 பகி ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், எஞ்சின் 2.5 அல்லது 3 சி.சி. 1/8 பகி 50 செ.மீ. அளவில், 3 கிலோவுக்கு மேல் எடை, எஞ்சின் 3.5 சி.சி. பட்டியலில் 15, 18, 21 என்று போட்டிருப்பது கன அங்குலக் கணக்கு. 21 என்றால் 0.21 கன அங்குலம், அதுதான் 3.5 சி.சி. சிறியதன் டேங்க் பெரும்பாலும் 75 மி.லி., பெரியதன் டேங்க் 125 மி.லி. ஒரு டேங்க் எட்டிலிருந்து பத்து நிமிடம் ஓடும். அப்படியானால் ஒரு லிட்டரில் சிறியதை 13 தடவை நிரப்பலாம், பெரியதை 8 தடவைதான். எரிபொருள் தட்டுப்பாடான நம் ஊருக்கு, சமமான மைதானம் கிடைப்பவர் 1/10 வாங்குவதே என் கணிப்பில் சரி. அறுத்த வயலில்தான் ஓட்ட முடியும் என்பவருக்குச் சிறிய சக்கரம் தாள்கட்டையில் மாட்டி நிற்கும். அவர் நல்ல நிலையில் உள்ள பழைய 1/8 தேடலாம்.

6. பெயரைவிட உதிரிபாகம் முக்கியம். குறைந்த விலையில் அதிகம் புழங்குவது சீனத்து எச்.எஸ்.பி. வண்டி. அதுவே ரெட்கேட், ஹிமோட்டோ போன்ற வேறு பெயர்களிலும் விற்கப்படுவதால் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது உண்டு. ஜப்பானின் கியோஷோ நிறுவனத்து இன்ஃபெர்னோ வரிசை நீடித்து உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி. எதுவானாலும் சரி, முதலில் உடையும் ஆறு பாகங்களை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கக் கீழ் சஸ்பென்ஷன் ஆர்ம், சர்வோ சேவர், டிரைவ் ஷாஃப்ட், ஸ்பர் கியர், கிளட்ச் பெல் பேரிங், புல் ஸ்டார்ட்டரின் ஒன்வே பேரிங். இவற்றில் குறைந்தது நான்கு இந்தியாவுக்குள் ஒரு கடையில் கையிருப்பு இருந்தால் அந்த வண்டியை வாங்குங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பேரிங்கை மட்டும் நாகர்கோவில் பேரிங் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம், பழையதைக் கையில் கொண்டுபோனால்.

7. முதல் வண்டிக்குக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினே போதும். ஸ்டார்ட்டர் பெட்டி தனிச் செலவு. கயிற்றை முழு நீளத்துக்கும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒன்றேகால் அடிக்குள் குட்டி குட்டியாக இழுத்தால் கயிறும் சுருளும் நெடுநாள் வரும். இழுக்கும்போது கல் மாதிரி இறுகிப்போனால் உள்ளே எரிபொருள் நிறைந்துவிட்டது என்று பொருள். பலத்தைக் காட்டினால் கனெக்டிங் ராடு வளையும். க்ளோ பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, நான்கைந்து முறை இழுத்தால் மிஞ்சியது தெறித்து வெளியே வந்துவிடும். முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

8. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால், எரிபொருள் டின்னை விமானத்தில் கொண்டுவரவே முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டியில் போட்டாலும் கைப்பையில் போட்டாலும் தடைதான். ஒருமுறை ஓட்டிய எஞ்சினில் எரிபொருள் வாசனை இருந்தால் அதையும் திருவனந்தபுரத்துக்கு வரவிடாமல் அங்கேயே நிறுத்திவிடக்கூடும். புதிய, ஓட்டாத வண்டிதான் பாதுகாப்பு. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். வண்டி இங்கேயே கிடைக்கிறது என்றால் மாமாவிடம் உதிரிபாகமும் க்ளோ பிளக்கும் மட்டும் கேளுங்கள். எடையும் குறைவு, உண்மையில் உதவுவதும் அதுதான்.

9. வெளிநாட்டு இணையக் கடையில் நேராக ஆர்டர் போடும் முன் சுங்க வரியைக் கூட்டிப் பாருங்கள். 2020 பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்திருப்பதால் அன்றைய விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். திரையில் மலிவாகத் தெரிந்தது வாசலுக்கு வரும்போது உள்ளூர்க் கடை விலையைத் தாண்டிவிடும்.

10. பழைய வண்டி வாங்க நல்ல வழி பொறியியல் மாணவர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் 'ஃபுல் த்ராட்டில்' என்று எஞ்சின் ரிமோட் கார்களுக்கென்றே பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். மற்ற கல்லூரி விழாக்களிலும் இதுபோல உண்டு. நாலைந்து பேர் பணம் போட்டு வாங்கி, படிப்பு முடிந்ததும் விற்கும் வண்டிகள் அங்கே கிடைக்கும். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமா என்ன, விசாரித்துப் பாருங்கள்.

பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் மாட்டியபடி ஃப்ளைவீலை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் பிடித்து நின்று, தள்ளினால் தாண்ட வேண்டும். வெண்ணெயாக வழுக்கிச் சுற்றினால் ஸ்லீவ் தேய்ந்துவிட்டது. அந்த எஞ்சினை வண்டி விலையில் கணக்கு வைக்காதீர்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு டேங்க் ஓட்டி, நிறுத்தி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய நிலையில் கிளம்பி, சூட்டில் கிளம்ப மறுக்கும் எஞ்சின் பெரும்பாலும் ஆயுள் முடிந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மணல் நெருடினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

11. ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும். இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு அந்த அலைவரிசை 2005 முதல் உரிமம் இல்லாமலே அனுமதிக்கப்பட்டது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் பக்கத்தில் இன்னொருவர் ஓட்டினால் சிக்னல் குழம்பும். அதைவிட முக்கியமானது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தாலோ பேட்டரி இறங்கினாலோ வண்டி தானாகப் பிரேக் பிடிக்கும்படி அமைத்துக்கொள்வது அது. மின்சார கார் பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். நைட்ரோ வண்டிக்கு எரிபொருள் தீரும் வரை ஓட்டம்தான். ஒவ்வொரு தடவையும் எஞ்சினைக் கிளப்பும் முன், சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ரிமோட்டை அணைத்து, கார்புரேட்டர் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

12. கடற்கரையில் ஓட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். படங்களில் பகி கடல் மணலைக் கிழித்துக்கொண்டு பறப்பதைப் பார்த்து ஆசை வரும். நம் மணல் வேறு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை இருப்பதே இந்த மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் ஆகிய கனிமங்களுக்காகத்தான். அலை ஒதுக்கிவிட்ட கரும்பட்டையில் சிவப்பாக மின்னுவது கார்னெட். உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது. சிர்கான் அதற்கும் சளைத்ததல்ல. எஞ்சினுக்குள் இருப்பதோ அலுமினியப் பிஸ்டனும் குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவும். நிமிடத்துக்கு 25,000 சுற்றுக்கு மேல் சுழலும் இடத்தில் இந்தத் துகள் நாலு புகுந்தால் ஒரே மாலையில் கம்ப்ரஷன் போய்விடும்.

மண்ணைச் சோதிக்க எளிய வழி: பழைய கணினி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, ஓட்டப்போகும் தரையில் தேய்த்து இழுங்கள். பையின் மேல் கரும்பொடி மீசை கட்டி ஒட்டினால் அது உங்கள் வண்டிக்கான இடமல்ல. கரையில் கிடக்கும் தங்கூசி நூல் இன்னொரு தொல்லை. சக்கரத்து அச்சில் சுற்றி, பேரிங் சீலை அறுத்து உள்ளே போன பிறகுதான் தெரியும்.

13. ஏர் ஃபில்டர் இரட்டைப் பஞ்சு உள்ளதாக இருக்கட்டும். வண்டியோடு வந்தது ஒற்றையாக இருந்தால் முதல் மாற்றம் இதுதான். வேகம் கூட்டும் சாமான்கள் பிறகு. பஞ்சில் ஃபில்டர் எண்ணெயை விட்டு, கவருக்குள் போட்டுப் பிசைந்து, நிறம் எங்கும் ஒன்றாகப் பரவும் வரை பார்க்க வேண்டும். காய்ந்த பஞ்சு நுண்மணலைத் தடுக்காது. ஓட்டிய அன்றே கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மறுபடி எண்ணெய் விடுங்கள். இரண்டு செட் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஃபில்டர் கழுத்தில் ஒரு ஜிப் டை போட்டு இறுக்க மறக்காதீர்கள். மணல் பெரும்பாலும் எண்ணெய் விட்ட பஞ்சு வழியாக வராது, அந்தக் கழுத்து இடுக்கு வழியாகத்தான் வரும்.

14. எங்கே ஓட்டுவது? கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் காய்ந்து கெட்டியான வயல் நல்ல இடம், வயல்காரர் சம்மதித்தால். பந்து விளையாடும் மைதானம் என்றால் ஊர்க் கமிட்டியிடமோ பங்குப் பேரவையிடமோ சொல்லிவிட்டு, விளையாட ஆள் வராத நேரத்தில். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், அதனால் தூசியும் உப்பும் குறைவு. வெயில் ஏற ஏறக் கடல்காற்று திரும்பி ஈரத்தையும் உப்பையும் கொண்டுவரும். பூசை, தொழுகை நேரங்களையும் பரீட்சைக் காலத்தையும் விட்டுவிடுங்கள். பொதுச் சாலை கூடவே கூடாது.

15. முதல் ஐந்து டேங்க் எரிபொருளை எஞ்சினைப் பழக்குவதற்கென்றே ஒதுக்குங்கள். புது எஞ்சினில் பிஸ்டனும் ஸ்லீவும் உச்சியில் இறுக்கமாக இருக்கும். நிறுவனம் சொன்ன இடத்தில் ஊசித் திருகை வைத்து, எரிபொருள் கொஞ்சம் அதிகமாகவே போகும்படி விட்டு, முதல் டேங்கை மெதுவாக ஓட்டி முடித்து, எஞ்சின் முழுதும் ஆறும் வரை காத்திருங்கள். நிறுத்தியதும் ஃப்ளைவீலைச் சுற்றிப் பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். உச்சியில் விட்டு ஆறினால் ஸ்லீவ் பிடித்துக்கொள்ளும். புகை தாராளமாக வரட்டும். மூன்றாம் டேங்கிலிருந்து மெல்ல வேகம் கூட்டுங்கள். ஊசித் திருகைத் தொடும்போது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பியதும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

16. சூட்டைப் பார்க்க, சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சும்மா கிடந்தால் குளிர்ச்சி, எரிபொருள் அதிகம். மெல்லக் கொதித்து மூன்று முதல் ஐந்து விநாடியில் வற்றினால் சரி. விழுந்ததும் சீறி மறைந்தால் அதிகச் சூடு, உடனே நிறுத்தித் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை நல்ல அளவு. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு ஆகாது; அது உடம்புச் சூட்டைத் தாண்டிக் காட்டாது. தொழிற்சாலைக்கான அகச்சிவப்பு மானி வேண்டும். பின்னால் புகைக்கோடு தெரியும் வரை எஞ்சினுக்கு எண்ணெய் போகிறது. புகை நின்று வண்டி திடீரென்று நன்றாகப் பறக்கிறது என்றால் மகிழ வேண்டாம், எஞ்சின் எரியப்போகிறது.

17. ஓட்டி முடித்த அன்றே டேங்கைக் காலி செய்து, குழாயில் மிஞ்சியதும் தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்காற்றில் ஒரு வாரம் கிடந்தால் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிடும். பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, நாலு இழுப்பு இழுத்து வையுங்கள். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குப் போகாதவர்கள் நம் ஊர் வள்ளக்காரர்கள். "உப்பை ராத்திரி தங்கவிடாதே மக்கா" என்பார்கள். அந்த ஒழுங்கு இங்கேயும் வேண்டும், தண்ணீருக்குப் பதில் பிரஷும் காற்றும். பஞ்சர் கடையில் காற்றுக்குழாயைக் கேட்டு வாங்கி ஊதலாம்; கார்புரேட்டர் வாயையும் பேரிங்குகளையும் நேராக ஊதாமல் இருந்தால் சரி.

18. எரிபொருள் டின்னைச் சமையலறை, பூஜையறை, ஜெபமேசை இவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். வெயில் படாத, பூட்டக்கூடிய இடம் வேண்டும். இறுக மூடி, மேலே திறந்த தேதியை எழுதி வையுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, வெப்பம்தான் சொல்லும். தண்ணீர் தாராளமாக ஊற்றினால் அணையும். ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது எரிபொருள் ஊற்றும் பழக்கம் பந்தயக்காரர்களோடு போகட்டும்.

குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். நைட்ரோ எரிபொருள் பெரும்பாலும் இளஞ்சிவப்போ பச்சையோ நிறத்தில் சர்பத் மாதிரியே இருக்கும். குழந்தை ஒரு வாய் குடித்தாலே கண் போகலாம், உயிரும் போகலாம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும். அதுவரை காத்திருக்காமல், டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

19. 3 கிலோ வண்டி 60 கி.மீ. வேகத்தில் வந்து காலில் அடித்தால் எலும்பு முறியும். பார்க்க வரும் சின்னப் பிள்ளைகளை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். வண்டி கவிழ்ந்தால் எடுக்க ஓடுவதற்கு ஒரே ஒரு ஆள், அவர் போய்த் திரும்பும் வரை ரிமோட்டில் கை வைக்கக்கூடாது. புகைபோக்கியும் சிலிண்டர் தலையும் சுடும். பின் இறக்கையைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள்.

20. ஜூன் பிறந்து மழை கனத்தால் வண்டிக்கு ஓய்வு. உள்ளே வைக்கும் முன் ரிசீவர் பேட்டரியைக் கழற்றுங்கள், க்ளோ பிளக்கை எடுத்து எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுங்கள், டயர் தரையில் படாமல் சேசிஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுங்கள், டேங்க் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், கார்புரேட்டர் வாயில் எண்ணெய்த் துணியை அடையுங்கள். மாதம் இரண்டு தரம் துணியை எடுத்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிவிடுங்கள். மழை விட்டு வெளியே எடுக்கும் நாளில் பழைய எரிபொருள் மிச்சம் இருந்தாலும், பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த டின்னாக இருந்தால் அதை எஞ்சினில் ஊற்றாமல் புது டின்னைத் திறங்கள்.